காவல் இல்லாத உடம்புக்கு நாமே காவல்

 

குடும்ப நலக் கூட்டம் என்றதும் கர்ப்பம், பிரசவம், தடுப்பூசி, கருத்தடை என்று ஏதாவது ஒன்றைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்றைக்கு விஷயம் வேறு. தொட்டிலில் கிடக்கிற குழந்தை எப்படிக் குடும்பமோ, அப்படித்தான் கட்டிலில் கிடக்கிற பெரியவரும் குடும்பம். பக்கவாதம் வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்துவிட்டு, மூக்கில் குழாயோடு வீடு திரும்புகிற மாமனார் இருக்கிறார். தொண்டைப் புற்றுநோய்க்குக் கரண்டு வைத்து, எச்சில்கூட விழுங்க முடியாமல் தவிக்கிற அண்ணன் இருக்கிறார். கீமோ மருந்து ஏற்றிக்கொண்டு வந்து முடியெல்லாம் கொட்டி உட்கார்ந்திருக்கிற தங்கை இருக்கிறாள். இவர்களை ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் வைத்திருக்க மாட்டார்கள். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அனுப்பும்போது நர்சம்மா ஐந்து நிமிஷம் சொல்லிக் கொடுப்பார். பஸ் பிடிக்கிற அவசரத்தில் பாதி காதில் விழும், பாதி விழாது. அந்த மீதிப் பாதியைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நம் உடம்புக்கு இயற்கையே காவல் போட்டிருக்கிறது. கெட்டுப்போன சாப்பாட்டை மூக்கு முகர்ந்து சொல்லிவிடும், நாக்கு துப்பிவிடும். சாப்பிடும்போது ஒரு பருக்கை வழி தவறினால் புரை ஏறும். யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லித் தலையில் தட்டுகிறோமே, உண்மையில் அது நுரையீரலைக் காக்கிற காவல்காரன் போடுகிற கூச்சல். தோல் இன்னொரு காவல். ஓட்டை இல்லாதவரை கிருமி ரத்தத்துக்குள் போக முடியாது. இதையெல்லாம் தாண்டி உள்ளே வந்தாலும் அடித்து விரட்ட ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன.

குழாய் வழியாகச் சாப்பிடுகிறவருக்கு நாக்கும் மூக்கும் காவல் இல்லை. பக்கவாதம் வந்தவர்களில் பலருக்குப் புரைகூட ஏறாது, சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் போய்விடும். நரம்பு வழியாகச் சத்து ஏற்றிக்கொள்கிறவருக்குத் தோலில் வாசல் திறந்தே கிடக்கிறது. கீமோ எடுத்துக்கொள்கிறவருக்கு வெள்ளை அணுக்களே குறைந்துவிடுகின்றன. இப்படிக் காவல் போன இடத்தில் யார் நிற்பது? வீட்டில் இருக்கிற உங்கள் நாலு கைகள்தான். கணவன் கை இரண்டு, மனைவி கை இரண்டு.

நாலு கை என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தக் கைகளைக் கழுவுகிற விஷயம். 1847-ல் வியன்னா நகரத்தில் செம்மல்வைஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். பிரசவ வார்டில் தாய்மார்கள் காய்ச்சல் கண்டு சாவதைப் பார்த்து, குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவாமல் யாரும் பிரசவம் பார்க்கக் கூடாது என்று கட்டளை போட்டார். சாவு மளமளவென்று குறைந்தது. கிருமி என்றால் என்ன என்றே தெரியாத காலம் அது. நமக்குத் தெரிந்தும் செய்வதில்லை. சோப்புப் போட்டு, விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு வரை இருபது எண்ணுகிற நேரம் தேய்த்துக் கழுவுங்கள். கழுவின கையை முந்தானையிலோ தோள் துண்டிலோ துடைத்தால் கழுவியது வீண். காற்றில் உலரட்டும், இல்லையென்றால் அதற்கென்றே வெயிலில் காயவைத்த தனித் துணி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மூக்குக் குழாய். ஆஸ்பத்திரியில் ரைல்ஸ் டியூப் என்பார்கள். ரைல் என்ற ஆங்கிலேய டாக்டரின் பெயர் அது. மூக்கு வழியாகப் போய், தொண்டை இறங்கி, இரைப்பையில் நிற்கும். பக்கத்திலேயே மூச்சுக்குழல் இருக்கிறது என்பதை மட்டும் மறக்காதீர்கள். குழாய் கொஞ்சம் மேலே ஏறிவிட்டாலும் கஞ்சி போகக்கூடாத இடத்துக்குப் போகும். அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போதே, மூக்கு நுனியில் குழாயின் எந்த அளவுக்கோடு நிற்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு வேளையும் கஞ்சி ஊற்றுவதற்கு முன்னால் அந்தக் கோடு அங்கேயே இருக்கிறதா என்று பாருங்கள். வாயைத் திறந்து டார்ச் அடித்து, தொண்டையில் குழாய் சுருண்டு கிடக்கிறதா என்றும் பாருங்கள். சிலர் குழாயின் முனையைத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். அதை நம்பி கஞ்சி ஊற்றாதீர்கள். கோடு நகர்ந்திருந்தால், சந்தேகம் இருந்தால், அந்த வேளை சோறு தள்ளிப்போனாலும் பரவாயில்லை. ஒரு வேளைப் பசியால் யாரும் சாவதில்லை.

அடுத்தது படுக்கை. மல்லாக்கப் படுத்திருக்கிறவருக்குக் கஞ்சி ஊற்றவே கூடாது. முதுகுக்கு இரண்டு மூன்று தலையணை, அல்லது சாய்த்து வைத்த பலகை மேல் மெத்தை, எதுவானாலும் சரி, தலையும் மார்பும் சாய்வு நாற்காலியில் இருப்பதுபோல நிமிர்ந்திருக்க வேண்டும். ஊற்றி முடித்து ஒரு மணி நேரம் வரை அப்படியே இருக்கட்டும். துணி மாற்றுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாவற்றையும் கஞ்சிக்கு முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கஞ்சி ஊற்றும் முன் பெரிய சிரிஞ்சால் மெள்ள இழுத்துப் பாருங்கள். முன் வேளை ஊற்றியதே பாதிக்கு மேல் திரும்பி வந்தால் இரைப்பை இன்னும் காலியாகவில்லை என்று அர்த்தம். வந்ததைத் திரும்ப உள்ளே விட்டுவிட்டு, ஒரு மணி நேரம் பொறுங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் நர்சிடம் சொல்லுங்கள். காப்பித்தூள் கரைத்த மாதிரி வந்தாலோ ரத்தமாக வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. எல்லாம் சரியாக இருந்தால், குழாயை விரலால் மடக்கிப் பிடித்துக்கொண்டு, தண்டு இல்லாத சிரிஞ்சை மாட்டி, முதலில் காய்ச்சி ஆறிய தண்ணீர் 30 மில்லி. பிறகு கஞ்சி. சிரிஞ்சை வயிற்றுக்கு மேல் ஒரு முழ உயரத்தில் பிடித்தால் தானாக இறங்கும். தண்டைப் போட்டு அழுத்தித் தள்ளாதீர்கள். பொதுவாக ஒரு வேளைக்கு 200 மில்லி, இரண்டு அல்லது மூன்று மணிக்கு ஒரு முறை என்று எழுதித் தருவார்கள். 200 மில்லி இறங்க கால் மணி நேரமாவது ஆக வேண்டும். முடிந்ததும் மறுபடி 30 மில்லி தண்ணீர். அதுதான் குழாயைக் கழுவுகிறது. இந்தத் தண்ணீரை மறந்தால் கஞ்சி உள்ளே காய்ந்து குழாய் அடைத்துக்கொள்ளும். அப்புறம் குழாய் மாற்ற மறுபடியும் ஆட்டோ வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டியதுதான்.

என்ன கொடுப்பது? இங்கேதான் நம் ஊரில் பெரிய தவறு நடக்கிறது. "குழாயில்தானே போகுது, தண்ணியா இருந்தாத்தான் எறங்கும்" என்று வடித்த கஞ்சித் தண்ணீரும் இளநீருமாக ஊற்றி, மூன்று மாதத்தில் ஆளை எலும்பும் தோலுமாக ஆக்கிவிடுகிறார்கள். முதுகில் படுக்கைப்புண் வந்த பிறகுதான், "என்னம்மா இப்படி ஆயிட்டாரு" என்று கேட்கிறார்கள். சோறும் பருப்பும் காய்கறியும் குழைய வேகவைத்து, மிக்சியில் அரைத்து, இரண்டு முறை வடிகட்டி, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டால் அது சாப்பாடு. பால், கேழ்வரகுக் கஞ்சி, சத்துமாவுக் கஞ்சி எல்லாம் மெல்லிய துணியில் வடிகட்டிக் கொடுக்கலாம். சர்க்கரை வியாதிக்காரருக்குச் சீனி வேண்டாம். சிறுநீரகம் பாதித்தவருக்கு டாக்டரைக் கேட்காமல் இளநீர் வேண்டாம். பச்சை முட்டை யாருக்கும் வேண்டாம். அந்தந்த வேளைக்கு அப்போதே செய்யுங்கள். மீந்ததை அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள். அவருக்கு நாக்கு இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். புளித்துப்போனதா என்று அவரால் சொல்ல முடியாது, நீங்கள்தான் அவருடைய நாக்கு.

மாத்திரைகளை நன்றாகப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, ஒவ்வொன்றாகக் கொடுங்கள். கஞ்சியோடு கலக்க வேண்டாம். ஆனால் எல்லா மாத்திரையையும் பொடிக்கக் கூடாது. மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகள் உண்டு, குடலில் போய்க் கரைவதற்காக மேல்பூச்சுப் பூசியவை உண்டு. எதைப் பொடிக்கலாம் என்று மருந்து கொடுக்கிறவரிடமே கேளுங்கள். வாயால் சாப்பிடாதவருக்கு வாய் சுத்தம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சாப்பிடாத வாயில்தான் எச்சில் காய்ந்து கிருமி பெருகும், அதுதான் நுரையீரலுக்கு இறங்கும். காலை, மாலை இரண்டு வேளையும் ஈரமான சுத்தத் துணியை விரலில் சுற்றி, பல், நாக்கு, கன்னத்தின் உட்புறம் துடைத்துவிடுங்கள்.

இப்போது ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஊர், பேர் வேண்டாம். மாமனாருக்குப் பக்கவாதம். மருமகள்தான் எல்லாம். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து ராத்திரி பத்து வரை இரண்டு மணிக்கொரு தரம் கஞ்சி. நடுவில் மாடு, அடுப்பு, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். பெரியவர் காப்பிப் பிரியர். வீட்டில் காப்பி வாசனை வந்தால் கையைக் காட்டுவார், கண்ணில் தண்ணீர் விடுவார். ஒரு நாள் மருமகள் ஆற்றுக்குத் துவைக்கப் போன நேரம். மகன் வயலிலிருந்து வந்தவர், அப்பா முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல், ஒரு டம்ளர் காப்பியை ஆற்றிப் படுத்த வாக்கிலேயே வாயில் ஊற்றிவிட்டார். இருமல்கூட வரவில்லை. ராத்திரி காய்ச்சல், மூச்சு இரைப்பு. நிமோனியா என்று மறுபடியும் ஆஸ்பத்திரி. பிழைத்து வந்தார். பதினாறு நாள் ஆயிற்று.

பாசத்தில் செய்ததை யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த மகனுக்கு ஆஸ்பத்திரியில் எதுவும் சொல்லிக் கொடுக்கப்படவில்லை. "எல்லாம் அவளுக்குத் தெரியும்" என்று வராண்டாவில் நின்றிருந்தார். நாலு கை என்று சொன்னேனே, இதற்குத்தான். கஞ்சி ஊற்றுவது பொம்பளை வேலை என்று எந்தச் சாஸ்திரத்திலும் எழுதவில்லை. ஒரு நாளைக்கு எட்டு வேளை என்றால் மாதத்துக்கு 240 வேளை. ஒருத்தியே இதைச் செய்தால் அவள் தூங்குவது எப்போது? அசதியில்தான் கோடு பார்க்க மறக்கும், தலையணை வைக்க மறக்கும். பகல் ஆறு வேளை மனைவி, ராத்திரியும் விடியலும் இரண்டு வேளை கணவன் என்று பிரித்துக்கொண்டால் அவள் ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கலாம். அப்புறம் அந்தக் காப்பி. வாயால் கொடுத்துப் பார்க்கலாமா என்பதை டாக்டர் விழுங்கும் திறனைச் சோதித்துவிட்டுச் சொல்லுவார். பலருக்கு நாளடைவில் விழுங்கும் சக்தி திரும்பும். கேளுங்கள். கேட்காமல் கொடுக்காதீர்கள்.

குழாய் கழன்று வெளியே வந்துவிட்டால் பயப்படாதீர்கள், திரும்பச் செருகவும் பார்க்காதீர்கள். வாய் வழியாகவும் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயிற்றில் ஓட்டை போட்டு வைத்த குழாயாக இருந்தால் இன்னும் அவசரம். சில மணி நேரத்திலேயே அந்த ஓட்டை சுருங்கிவிடும். கஞ்சி இறங்கும்போது இருமல், மூச்சுத் திணறல், உதடு நீலமாவது, தொண்டையில் கரகர சத்தம் இவற்றில் எது வந்தாலும் ஊற்றுவதை அந்தக் கணமே நிறுத்தி, நிமிர்த்தி உட்காரவைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்து நரம்பு வழி. "சோறு இறங்கல, ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திட்டா தெம்பு வந்துடும்" என்று சொல்லாத ஊரே இல்லை. ஐந்து சதவீத குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. கணக்குப் போட்டால் 100 கலோரிகூடத் தாண்டாது, இரண்டு இட்லியோடு சரி. உப்புத் தண்ணீர் பாட்டிலில் அதுவும் இல்லை. வாந்தி பேதியில் நீர் வற்றிப்போனவருக்கு அது உயிர் கொடுக்கும்; தெம்புக்கு என்று ஏற்றிக்கொள்வது காசுக்கும் கேடு, நரம்புக்கும் கேடு.

நிஜமாகவே நரம்பு வழியாகச் சாப்பாடு கொடுப்பது வேறு. குடலே வேலை செய்யாதவர்களுக்கு, புரதம், கொழுப்பு, சர்க்கரை, உப்பு, வைட்டமின் எல்லாம் சேர்த்து, கழுத்திலோ மார்பிலோ உள்ள பெரிய நரம்பு வழியாக மெதுவாக ஏற்றுவார்கள். பை பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். 1960-களில் அமெரிக்காவில் ஸ்டான்லி டட்ரிக் என்ற டாக்டர் இதைச் செய்துகாட்டிய பிறகுதான் குடல் இழந்த குழந்தைகள்கூடப் பிழைக்க வழி பிறந்தது. இது பெரும்பாலும் பெரிய ஆஸ்பத்திரியில்தான் நடக்கும். துணைக்கு இருக்கிற உங்களுக்கு அங்கே வேலை குறைவு, ஆனால் அந்தக் கொஞ்சமும் முக்கியம். சொட்டு மெதுவாக விழுகிறது என்று உருளையைத் திருப்பாதீர்கள். இணைப்பைக் கழற்றாதீர்கள், கட்டு நனைய விடாதீர்கள். ஊசி இருக்கிற இடம் சிவந்தாலோ, வீங்கினாலோ, வலித்தாலோ, ஏற்ற ஆரம்பித்ததும் குளிர் நடுக்கம் வந்தாலோ சிஸ்டரை எழுப்புங்கள். "ராத்திரியிலே தொந்தரவு பண்ணக் கூடாது" என்று விடியும்வரை காத்திருக்காதீர்கள். அந்தக் குளிர், கிருமி ரத்தத்துக்குள் நேராகப் போய்விட்டதன் அடையாளமாக இருக்கலாம்.

மூன்றாவது, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள். கீமோ போட்டுக்கொள்கிறவர்கள், சிறுநீரகம் மாற்றிவைத்துக்கொண்டவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல் சென்னையில்தான். அன்றைக்கு மருந்தில்லை. 2004-லிருந்து அரசு மையங்களில் கூட்டு மருந்து இலவசமாகக் கொடுக்கிறார்கள். தவறாமல் சாப்பிடுகிறவர் வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்துகிறார். கூட உட்கார்ந்து சாப்பிடுவதாலோ தொட்டுத் துடைப்பதாலோ அது ஒட்டாது. தட்டைத் தனியாக வைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

கீமோவுக்கு வருகிறேன். மருந்து ஏற்றி ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரைக்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் சொந்தக்காரர்கள் வேன் பிடித்து நலம் விசாரிக்க வருவார்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வைத்துவிட்டு வாசலிலிருந்தே பேசிவிட்டுப் போகச் சொல்லுங்கள். சளி இருமல் இருக்கிறவர் உள்ளே வரவே வேண்டாம். வருத்தப்பட்டால் படட்டும். கோயில் விபூதியை நெற்றியில் பூசுங்கள், வாயில் போட வேண்டாம். தண்ணீர் கொதிக்க வைத்து ஆறியது. சாப்பாடு சுடச்சுட அன்றைக்குச் சமைத்தது. பழைய சோறு நமக்கு நல்லதுதான். அந்தக் காலத்தில் அவருக்கு வேண்டாம். பழம் என்றால் கழுவித் தோலுரிக்கிற வாழைப்பழம், ஆரஞ்சு. மாட்டுக் கொட்டகை, கோழிக் கூடு பக்கம் அவர் போகக் கூடாது. சாணி அள்ளினவர் கையும் காலும் கழுவி உடை மாற்றிவிட்டுத்தான் பக்கத்தில் போக வேண்டும். வீட்டில் குழந்தைக்குச் சொட்டு மருந்து, தடுப்பூசி போடும் முறை வந்தால், வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று கிராம சுகாதார செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். தடுப்பூசியை நிறுத்துவதற்கு அல்ல, எதைப் போடலாம் என்று பார்த்துச் சொல்வதற்கு.

ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். 100.4 டிகிரி காட்டினால் அது அவசரம். வெயில் சூடு, அலைச்சல் சூடு என்று சமாதானம் சொல்லாதீர்கள். பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று படுக்காதீர்கள். சூடு குறையும், கிருமி குறையாது. ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்புங்கள். ஆஸ்பத்திரி வாசலில் முதல் வார்த்தையாக, "கீமோ எடுத்துக்கிட்டிருக்காங்க, காய்ச்சல்" என்று சொல்லுங்கள்.

தம்பதியருக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும், கூச்சப்பட வேண்டாம். கணவனுக்கோ மனைவிக்கோ கீமோ நடக்கும் காலத்தில் கரு உண்டாகக் கூடாது. கருவுக்கு அந்த மருந்து ஆபத்து. எவ்வளவு காலம் தள்ளிப்போட வேண்டும், எந்தக் கருத்தடை முறை ஒத்துவரும் என்று டாக்டரிடம் இருவரும் சேர்ந்து கேளுங்கள். பிள்ளை வேண்டும் என்கிற தம்பதியர் சிகிச்சை ஆரம்பிக்கும் முன்பே அதைச் சொல்ல வேண்டும். மருந்து ஏற்றியபின் இரண்டு நாள் வரை வாந்தியிலும் சிறுநீரிலும் அந்த மருந்து வெளியேறும். கர்ப்பிணியோ பால் கொடுக்கிற தாயோ அதை அள்ளக் கூடாது. மற்றவர்களும் கையுறை போட்டுக்கொண்டு அள்ளி, துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். வீட்டில் ஒரே மருமகள், அவளும் ஆறு மாதம் என்றால், அந்த வேலை கணவனுடையது. இதில் பேச்சுக்கு இடமில்லை.

நடக்க முடியாதவரைக் கட்டிலோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிவர வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சைக்கான செவிலியரும் இயன்முறை சிகிச்சை செய்பவரும் வீட்டுக்கே வருகிறார்கள். உங்கள் ஊர் சுகாதார செவிலியரிடம் பெயர் கொடுத்து வையுங்கள். சந்தேகம் கேட்க 104.

மேசையில் ஒரு குழாய், 50 மில்லி சிரிஞ்சு, அளவு டம்ளர், தலையணை எல்லாம் வைத்திருக்கிறேன். கை கழுவ வாளியும் சோப்பும் திண்ணைப் பக்கம் இருக்கின்றன. ஒவ்வொருவராக வந்து செய்து பாருங்கள். ஆண்கள் முதலில் வரட்டும்.